வென்ட்ஸ் இல்லாத ஈகிள்ஸ்: கதை முடிந்ததா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 2017 டிசம்பர் 11

நேற்று லாஸ் ஏஞ்சல்ஸில் ராம்ஸ் அணியை 43-35 என்று வென்றும், பிலடெல்பியா ஈகிள்ஸ் தோற்ற அணியைப் போலத்தான் ஊர் திரும்பியிருக்கிறது. தாக்குதலை நடத்திப் பந்தை எறியும் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸின் இடது முழங்காலில் ஏ.சி.எல். என்ற தசைநார் கிழிந்துவிட்டது என்று இன்று அறிவித்துவிட்டார்கள். குவார்ட்டர்பேக் போனால் அணியும் போயிற்று என்பதுதானே அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். வழக்கம்? குவார்ட்டர்பேக் ஆரன் ராஜர்ஸ் இல்லாத கிரீன்பே அணி என்ன பாடுபடுகிறது என்று பார்த்தோமே. ஈகிள்ஸின் கதை இத்தோடு முடிந்ததா, இல்லையா?

2017 டிசம்பர் 11, இரவு

முடியவில்லை என்பதே என் பதில். அதைச் சொல்ல இன்று எனக்குத் துணிச்சல் தேவைப்படுகிறது என்பதையும் மறைக்கப்போவதில்லை. காலையில் அலுவலகம் போகும் வழியில் உள்ளூர் விளையாட்டு வானொலியைக் கேட்டேன். பிலடெல்பியா இழவு வீடாகத்தான் இருந்தது. பேசியவர்களில் பாதிப் பேர் 11 வெற்றி, 2 தோல்வி (11-2) என்ற கணக்கையே மறந்துவிட்டிருந்தார்கள்.

நேற்றைய ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். மூன்றாம் கால்பகுதியில் வென்ட்ஸ் எல்லைக்கோட்டை நோக்கிப் பாய்ந்து விழுந்தபோது இரண்டு பக்கமும் ஆட்கள் மோதியதில் முழங்கால் போனது. அந்த டச்டவுனும் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) சக வீரர் செய்த விதிமீறலால் செல்லாமல் போனது. அதன் பிறகும் அவர் களத்தை விட்டு வெளியேறாமல் நின்று, நான்காவது, அதாவது கடைசி முயற்சியில் ஆல்ஷான் ஜெஃப்ரிக்கு டச்டவுன் எறிந்துவிட்டுத்தான் நடந்து போனார். அந்த மன உறுதி பெரிது. ஆனால் ஆட்டத்தை வென்று தந்தது அவருக்குப் பிறகு நடந்தவைதான். கிறிஸ் லாங் ஓடிவந்து ராம்ஸ் குவார்ட்டர்பேக் ஜாரட் காஃபின் கையிலிருந்த பந்தைத் தட்டிவிட்டார், ஜேக் எலியட் உதைத்து அணியை முன்னிலைக்குக் கொண்டுவந்தார், மூன்றாவது முயற்சியில் எட்டு யார்டு தேவைப்பட்ட இக்கட்டில் மாற்று குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸ் நெல்சன் அகலோரிடம் பந்தைச் சேர்த்தார்.

கிரீன்பே ஒப்பீட்டை நான் ஏற்க மறுப்பதற்குக் காரணம் உண்டு. அக்டோபர் 15 அன்று ராஜர்ஸின் தோள்பட்டை எலும்பு முறிந்தபோது அந்த அணி 4-1 என்று இருந்தது, இன்று 7-6. பல ஆண்டுகளாக அங்கே குறைகள் அனைத்தையும் ராஜர்ஸ் ஒருவரே மூடிமறைத்து வந்தார், அவர் போனதும் குறைகள் வெளியே தெரிந்தன. ஈகிள்ஸோ இந்த சீசன் முழுவதும் ஆட்களை இழந்துகொண்டே வென்றுவந்த அணி. செப்டம்பரில் டேரன் ஸ்ப்ரோல்ஸ் போனார். அக்டோபரில் ஒரே இரவில் குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இடது டாக்கிள் ஜேசன் பீட்டர்ஸும் தற்காப்பு வீரரான லைன்பேக்கர் ஜோர்டன் ஹிக்ஸும் போனார்கள். எலியட்டே முதல் ஆட்டத்தில் காயமடைந்த கேலப் ஸ்டர்ஜிஸுக்குப் பதிலாக, சின்சினாட்டியின் பயிற்சிக் குழுவிலிருந்து கூட்டிவரப்பட்டவர்தான். அவர்தான் செப்டம்பர் 24 அன்று ஜயன்ட்ஸுக்கு எதிராக 61 யார்டு தூரத்திலிருந்து கடைசி நொடியில் உதைத்து 27-24 என்று வெற்றி தந்தார்.

2017 டிசம்பர் 12

ஃபோல்ஸ் யார் என்று கேட்டிருக்கிறார்கள். 2013-இல் இதே பிலடெல்பியாவுக்காக 27 டச்டவுன்கள் எறிந்து, இரண்டே இரண்டு இன்டர்செப்ஷன்கள் (எதிரணி பறித்துக்கொள்ளும் எறிதல்கள்) கொடுத்தவர். ஓக்லாண்டுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஏழு டச்டவுன் எறிந்தவர். பிறகு குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டுக்கு ஈடாக ராம்ஸ் அணிக்கு அனுப்பப்பட்டு, அங்கே உட்காரவைக்கப்பட்டு, விடுவிக்கப்பட்டு, 2016-இல் விளையாட்டையே விட்டுவிடலாமா என்று யோசித்தவர். கான்சஸ் சிட்டியின் பயிற்சியாளர் ஆண்டி ரீட் அழைத்ததால் தங்கினார். இந்த ஆண்டு பழைய ஊருக்கே மாற்று வீரராகத் திரும்பினார். உச்சியையும் அடிமட்டத்தையும் பார்த்த ஒருவர் இப்போது களம் இறங்குகிறார் என்பதை நான் சிறிய விஷயமாக எண்ணவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தலைமைப் பயிற்சியாளர் டக் பீடர்சன் தன் ஆட்டக்காலத்தில் பெரும்பகுதியை குவார்ட்டர்பேக் பிரெட் ஃபாவ்ருக்கு மாற்று வீரராகக் கழித்தவர். தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஃபிராங்க் ரைக் 1993 ஜனவரியில் பஃபலோவின் மாற்று குவார்ட்டர்பேக்காக இறங்கி, 35-3 என்று பின்தங்கியிருந்த பிளேஆஃப் (பட்டத்துக்கான வெளியேற்றுச் சுற்று) ஆட்டத்தை 41-38 என்று வென்று காட்டியவர். இரண்டாவது ஆளின் மனநிலையை அறிந்த இருவர் ஃபோல்ஸுக்காகத் திட்டம் தீட்டுகிறார்கள்.

2017 டிசம்பர் 18

ஜயன்ட்ஸை 34-29 என்று வென்றாயிற்று. ஃபோல்ஸ் நான்கு டச்டவுன் எறிந்தார். ஆனால் 20-7 என்று பின்தங்கிய பிறகு வந்த வெற்றி இது; எதிரணியின் பன்ட் (பந்தை விட்டுக்கொடுத்துத் தூரத்துக்கு உதைப்பது) ஒன்றையும், பீல்ட் கோல் (மூன்று புள்ளிக்கான உதை) ஒன்றையும், கூடுதல் புள்ளி உதை ஒன்றையும் தடுத்திராவிட்டால் முடிவு வேறாகியிருக்கும். ஜயன்ட்ஸ் குவார்ட்டர்பேக் ஈலை மேனிங்கை 434 யார்டு எறியவிட்டது தற்காப்பின் குறை, அதற்கு ஃபோல்ஸ் பொறுப்பல்ல.

சரிவு எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்புகிறவர்கள் நேற்றைய எதிரணியையே பார்க்கலாம். சென்ற ஆண்டு 11-5 என்று பிளேஆஃப் போன ஜயன்ட்ஸுக்கு இந்த ஆண்டு கையில் இரண்டே வெற்றிகள். பந்தைப் பிடிக்கும் நட்சத்திர வீரர் ஓடல் பெக்கம் அக்டோபரிலேயே கணுக்கால் உடைந்து வெளியேறினார். பிறகு நிர்வாகம் தொடர்ந்து 210 ஆட்டங்களைத் தொடங்கிய மேனிங்கை ஓக்லாண்டில் உட்காரவைத்தது. மறுநாளே பயிற்சியாளர் பென் மெகடூவும் பொது மேலாளர் ஜெரி ரீஸும் வேலை இழந்தார்கள். ஆட்கள் காயப்படுவது எல்லா அணிக்கும் நேர்வதுதான், ஆனால் காயத்தின் நடுவே உள்ளுக்குள் நம்பிக்கையும் உடைந்தால் மீள்வது கடினம்.

2017 டிசம்பர் 26

நேற்றிரவு ஓக்லாண்டை 19-10 என்று வென்று முதலிடத்தை உறுதி செய்துகொண்டார்கள். மகிழ்ச்சி வரவில்லை. ஃபோல்ஸ் 38 முறை எறிந்து 163 யார்டுதான் எடுத்தார். காற்றில் பந்து அவர் நினைத்த இடத்துக்குப் போகவேயில்லை. வென்றது தற்காப்பு. டிசம்பர் 11 அன்று நான் எழுதியதில் ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறேன்: குவார்ட்டர்பேக் இல்லாமல் அணி பிழைக்கும், ஆனால் பீடர்சன் இவருக்கு ஏற்றபடி ஆட்டத்தையே மாற்றி எழுதினால் மட்டும். வென்ட்ஸுக்கென்று எழுதிய திட்டத்தை ஃபோல்ஸிடம் கொடுப்பது குருவி தலையில் பனங்காயை வைப்பதுதான்.

2018 ஜனவரி 1

நேற்று டல்லாஸிடம் 6-0 என்று தோற்றார்கள். கடுங்குளிர், முக்கிய வீரர்கள் பலர் ஓய்வில், ஃபோல்ஸ் 11 முறை எறிந்து நான்கைத்தான் சேர்த்தார். இறுதிக் கணக்கு 13-3. அதைப் பற்றி மேலும் எழுதி யாரையும் வருத்த விரும்பவில்லை. நேற்று மற்ற களங்களில் நடந்தவை அதைவிடப் பெரியவை.

பஃபலோ 1999-க்குப் பிறகு பிளேஆஃபையே பார்த்திராத அணி. மயாமியை 22-16 என்று வென்றுவிட்டு, தங்கள் விதி பால்டிமோரில் நடக்கும் வேறோர் ஆட்டத்தில் தொங்குவதை உடைமாற்றும் அறைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சின்சினாட்டிக்கு அந்த ஆட்டத்தால் எந்தப் பயனும் இல்லை. சீசன் ஏற்கனவே போய்விட்டிருந்தது. இருந்தும் நான்காவது முயற்சியில் 12 யார்டு தேவைப்பட்ட நிலையில், ஒரு நிமிடம்கூட மிச்சமில்லாதபோது, ஆண்டி டால்டன் எறிந்த பந்தைப் பிடித்துக்கொண்டு டைலர் பாய்ட் 49 யார்டு டச்டவுனாக்கினார். 31-27; பால்டிமோர் வெளியே, பஃபலோ உள்ளே. இதே பஃபலோ நவம்பரில் குவார்ட்டர்பேக் டைரட் டெய்லரை உட்காரவைத்து நேதன் பீட்டர்மனை இறக்கியது, அவர் முதல் பாதியிலேயே ஐந்து இன்டர்செப்ஷன் கொடுத்தார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தாங்கிய அணி பிளேஆஃப் போவதை இந்த விளையாட்டில்தான் பார்க்க முடியும்.

கிளீவ்லாண்ட் 0-16. பிட்ஸ்பர்க்கிடம் 28-24 என்று நெருங்கி வந்து, கடைசியில் கைக்கு வந்த பந்தையும் நழுவவிட்டார்கள். 2008-இல் டெட்ராய்ட் ஒருமுறை கண்ட நிலை இது. சென்ற ஆண்டையும் சேர்த்தால் 32 ஆட்டங்களில் ஒரே வெற்றி. இந்த இழையின் கேள்விக்கும் அவர்களுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2016 டிராஃப்டில் (கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) இரண்டாம் தேர்வு அவர்கள் கையில்தான் இருந்தது. அதை ஈகிள்ஸுக்கு விற்றார்கள், ஈகிள்ஸ் அதில் வென்ட்ஸை எடுத்தது. மறு ஆண்டு பன்னிரண்டாம் தேர்வை ஹூஸ்டனுக்கு விற்றார்கள், ஹூஸ்டன் அதில் குவார்ட்டர்பேக் டெஷான் வாட்சனை எடுத்தது. வருங்காலத்துக்கென்று சேமித்துக்கொண்டே போனவர்களுக்கு, நிகழ்காலத்தில் பந்தை எறிய ஆளில்லை.

அதே நாள், சற்றுப் பின்னர்

பன்னிரண்டு பிளேஆஃப் அணிகளையும் சென்ற ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நியூ இங்கிலாந்து, பிட்ஸ்பர்க், கான்சஸ் சிட்டி, அட்லாண்டா ஆகிய நான்குதான் இரண்டிலும் இருக்கின்றன. மற்ற எட்டும் புதியவை. டல்லாஸ் 13-3 என்பதிலிருந்து 9-7-க்கு இறங்கியது, ஓக்லாண்ட் 12-4 என்பதிலிருந்து 6-10-க்கு விழுந்தது. 3-13 என்றிருந்த ஜாக்சன்வில் 10-6, 4-12 என்றிருந்த ராம்ஸ் 11-5.

இது முழுக்கத் தற்செயல் அன்று, லீக்கின் அமைப்பே இப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது. இந்த ஆண்டு ஒவ்வொரு அணிக்கும் சம்பள உச்சவரம்பு 16.7 கோடி டாலர். பணக்கார உரிமையாளர் நினைத்தாலும் எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிக் குவிக்க முடியாது. டிராஃப்டில் கடைசி இடத்தவருக்கு முதல் தேர்வு. 2017 அட்டவணையிலும் 16 ஆட்டங்களில் இரண்டு, சென்ற ஆண்டு அதே இடத்தில் முடித்த அணிகளோடு அமைந்தன. சென்ற ஆண்டு தங்கள் பிரிவில் கடைசியாக வந்த ஈகிள்ஸுக்கு அந்த இரண்டும் கரோலினாவும் சிகாகோவும். இரண்டையும் வென்றார்கள். ஆனால் இந்தச் சலுகைகள் எல்லாம் கிளீவ்லாண்டுக்கும் கிடைத்தவைதான் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும். அமைப்பு கதவைத் திறக்கும், உள்ளே நடந்து போவது அணியின் பாடு.

2018 ஜனவரி 8

ராம்ஸ் அணி அட்லாண்டாவிடம் 26-13 என்று தோற்று வெளியேறியது எனக்கு வருத்தமே. 2016-இல் லீக்கிலேயே மிகக் குறைவாகப் புள்ளி எடுத்த அணி, 2017-இல் மிக அதிகமாக எடுத்த அணியானது. முப்பது வயதில் தலைமைப் பயிற்சியாளரான ஷான் மெக்வே அதைச் செய்து காட்டினார். ஆனால் சின்சினாட்டியிலிருந்து வந்த இடது டாக்கிள் ஆண்ட்ரூ விட்வர்த்தை மறந்துவிட்டுப் பேசுவது நியாயமாகாது. காஃபுக்கு நின்று எறிய நேரம் கிடைத்ததே அவரால்தான். முதல் ஆண்டில் தோல்வியாளர் என்று பலர் எழுதிவிட்ட இளைஞர் காஃப்.

கான்சஸ் சிட்டியின் சீசனோ ஏறியும் இறங்கியும் ஏறியும் இறங்கியது. தொடக்க ஆட்டத்தில் நியூ இங்கிலாந்தை அதன் சொந்தக் களத்திலேயே 42-27 என்று அடித்து, 5-0 என்று ஓடி, பிறகு ஏழில் ஆறைத் தோற்று, மீண்டு வந்து பிரிவை வென்று, சனிக்கிழமை டென்னசிக்கு எதிராக 21-3 என்று முன்னிலை பெற்று, 22-21 என்று தோற்றார்கள். தடுக்கப்பட்டுத் திரும்பிவந்த தன் எறிதலைத் தானே பிடித்து டச்டவுன் ஆக்கினார் மார்கஸ் மாரியோட்டா. ஜாக்சன்வில் பஃபலோவை 10-3 என்று வென்றது. கண்ணுக்கு அழகான ஆட்டமல்ல. ஆனால் கலேஸ் கேம்பலும் ஜேலன் ராம்சியும் இருக்கும் அந்தத் தற்காப்போடு யாரும் ஆட விரும்ப மாட்டார்கள்.

2018 ஜனவரி 15

இப்படி ஒரு வார இறுதியை நான் கண்டதில்லை.

சனிக்கிழமை ஈகிள்ஸ் 15, அட்லாண்டா 10. முதலிடம் பெற்ற அணி தன் முதல் பிளேஆஃப் ஆட்டத்திலேயே பந்தயக் கணிப்பில் பின்தங்கியது இதற்கு முன் நடந்ததில்லை. இறுதியில் அட்லாண்டாவுக்கு நான்காவது முயற்சி, கோட்டுக்கு இரண்டு யார்டு. ஜூலியோ ஜோன்ஸ் வழுக்கி விழுந்து, எழுந்து, பாய்ந்தார். பந்து விரல்களைத் தொட்டுப் போனது. ஆட்டம் முடிந்ததும் லேன் ஜான்சனும் கிறிஸ் லாங்கும் நாய் முகமூடி அணிந்து களத்தில் நடந்தார்கள். தங்களை ‘அண்டர்டாக்’ (வெல்ல வாய்ப்புக் குறைந்த அணி) என்று ஒதுக்கியவர்களுக்கு அதுதான் அவர்களின் பதில்.

ஆனால் நான் குறித்துக்கொண்டது வேறு. ஃபோல்ஸ் 30-இல் 23-ஐச் சேர்த்தார். பீடர்சன் ஆட்டத்தை மாற்றிவிட்டார்: பந்தைச் சீக்கிரம் கையைவிட்டு அனுப்பும் குறுகிய எறிதல்கள், ஓட்டமா எறிதலா என்று எதிரணியைத் தயங்கவைக்கும் ஆட்ட அமைப்புகள், அதாவது 2013-இல் இவர் நன்றாக ஆடியபோது இருந்தவற்றுக்கு நெருங்கியவை. டிசம்பர் 26 அன்று நான் சேர்த்த நிபந்தனை நிறைவேறிக்கொண்டிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஜாக்சன்வில் பிட்ஸ்பர்க்கில் போய் 45-42 என்று வென்றது. அக்டோபரில் அதே களத்தில் பென் ராத்லிஸ்பெர்கரிடமிருந்து ஐந்து இன்டர்செப்ஷன் பறித்து 30-9 என்று வென்றவர்கள் அவர்கள். அது ஒருநாள் கூத்து என்று சொன்னவர்கள் இனி வாய் திறக்க முடியாது. பிறகு மினசோட்டா: பத்து நொடி மிச்சம், 24-23 என்று நியூ ஆர்லியன்ஸ் முன்னிலை, மினசோட்டா குவார்ட்டர்பேக் கேஸ் கீனம் பக்கவாட்டுக் கோட்டருகே எறிந்த பந்தை ஸ்டெஃபான் டிக்ஸ் எகிறிப் பிடித்தார், தடுக்க வந்தவர் குனிந்து தவறவிட்டார், டிக்ஸ் கீழே ஒரு கையை ஊன்றி நிலைபெற்று ஓடி 61 யார்டு டச்டவுனாக்கினார். 29-24. இரண்டு தோல்விகளோடு தொடங்கி அடுத்தடுத்து எட்டு ஆட்டங்களை வென்ற நியூ ஆர்லியன்ஸுக்கு அதைவிட நல்ல முடிவு கிடைத்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றியது.

2018 ஜனவரி 22

ஈகிள்ஸ் 38, மினசோட்டா 7. மினசோட்டா முதல் டச்டவுனை எடுத்ததோடு சரி. பேட்ரிக் ராபின்சன் ஒரு பந்தைப் பறித்து 50 யார்டு வளைந்து வளைந்து ஓடியதும் ஆட்டம் கைமாறியது. ஃபோல்ஸ் 352 யார்டு, மூன்று டச்டவுன். தன் சொந்த அரங்கில் சூப்பர் பவுல் (லீக்கின் இறுதி ஆட்டம்) ஆடும் முதல் அணியாகும் வாய்ப்பு மினசோட்டாவின் கைக்கெட்டிய தூரத்திலிருந்து போனது. கம்பங்களில் ரசிகர்கள் ஏறாமலிருக்க நேற்று நகரக் காவலர்கள் சமையல் கொழுப்பைத் தடவிவைத்தார்கள், இருந்தும் ஏறினார்கள்.

கீனமும் ஃபோல்ஸும் ராம்ஸ் அணியால் கைவிடப்பட்டவர்கள். 2015-இல் இருவரும் ஒரே அணியில் இருந்தார்கள். அணி 7-9 என்று முடிந்தது. ஈராண்டு கழித்து இருவரும் சூப்பர் பவுலுக்கு ஓர் ஆட்டம் தொலைவில் எதிரெதிரே நின்றார்கள். கீனமுக்கு இடம் கிடைத்ததே பிராட்ஃபோர்டின் முழங்கால் மீண்டும் தொல்லை தந்ததால்தான். அந்த பிராட்ஃபோர்டை 2016 செப்டம்பரில் மினசோட்டாவுக்கு விற்றது ஈகிள்ஸ். அதற்கு ஈடாகக் கிடைத்த முதல் சுற்றுத் தேர்வில்தான் டெரிக் பார்னெட்டை எடுத்தார்கள். ஈகிள்ஸ் நிர்வாகி ஹோவி ரோஸ்மன் செய்த அந்த ஒரு வியாபாரம் வென்ட்ஸுக்கு முதல் நாளிலிருந்தே இடமும் கொடுத்தது, தற்காப்புக்கு ஓர் இளைஞரையும் கொடுத்தது.

ஜாக்சன்வில் நான்காம் கால்பகுதியில் 20-10 என்று முன்னிலையில் இருந்து நியூ இங்கிலாந்திடம் 24-20 என்று தோற்றது. மைல்ஸ் ஜாக் பந்தைப் பறித்து எழுந்தபோது ஊதல் ஒலித்திராவிட்டால் இன்று வேறு கதை எழுதிக்கொண்டிருப்போம். ஆனால் கடைசி நேரத்தில் பந்து நியூ இங்கிலாந்து குவார்ட்டர்பேக் டாம் பிரேடியிடம் இருந்தது என்பதும் உண்மை.

2018 பிப்ரவரி 5

சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்துக்கு எதிராக 41-33. 1960-க்குப் பிறகு பிலடெல்பியாவின் முதல் பட்டம், அதன் முதல் சூப்பர் பவுல் வெற்றி.

கேள்வி கேட்டவருக்கு மூன்று தருணங்களைச் சுட்டுகிறேன். முதலாவது, இடைவேளைக்கு 38 நொடி இருக்கையில், 15-12 என்று முன்னிலை, நான்காவது முயற்சி, கோட்டுக்கு ஒரு யார்டு. உதைத்து மூன்று புள்ளி எடுப்பதே எல்லோரும் செய்வது. பீடர்சன் உதைக்கவில்லை. பந்து நேராக கோரி கிளெமென்டிடம் போனது, அவர் டிரே பர்ட்டனிடம் கொடுத்தார், கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடிய பர்ட்டன் தனியாக நின்ற ஃபோல்ஸுக்கு எறிந்தார். சிறிது நேரத்துக்கு முன் அதே போன்ற ஆட்டத்தில் பிரேடியின் கையிலிருந்து பந்து நழுவியிருந்தது. ஃபோல்ஸ் பிடித்தார். சூப்பர் பவுல் ஒன்றில் டச்டவுன் எறிந்தும் பிடித்தும் முடித்த முதல் வீரர் அவரே.

இரண்டாவது எனக்கு அதைவிடப் பெரியது. 33-32 என்று பின்தங்கியாயிற்று, ஐந்து நிமிடம் 39 நொடி மிச்சம், சொந்தப் பக்கத்து 45 யார்டு கோடு, நான்காவது முயற்சியில் ஒரு யார்டு தேவை. தவறினால் பிரேடி பாதிக் களத்திலிருந்து தொடங்குவார், பட்டம் அநேகமாகப் போய்விடும். பன்ட் உதைத்தால் அன்று பிரேடியைத் தடுக்கவே முடியாத தற்காப்பை நம்பியிருக்க வேண்டும். நியூ இங்கிலாந்து அந்த ஆட்டத்தில் ஒரு முறைகூடப் பன்ட் உதைக்கவில்லை, 613 யார்டு எடுத்தது. பீடர்சன் எறியச் சொன்னார். ஃபோல்ஸ் நெருக்கத்தில் ஸாக் எர்ட்ஸுக்கு எறிந்து இரண்டு யார்டு எடுத்தார். அதே தொடரின் முடிவில் எர்ட்ஸே டச்டவுன் பிடித்தார்.

மூன்றாவது, இரண்டு நிமிடங்களுக்குச் சற்று மேல் இருக்கையில் பிரண்டன் கிரஹாம் பிரேடியின் கையிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். ஆட்டம் முழுவதிலும் இரு தரப்பிலும் சேர்த்து விழுந்த ஒரே சாக் (குவார்ட்டர்பேக்கை எறியும் முன்பே வீழ்த்துவது) அதுதான். தரையில் துள்ளிய பந்தை எடுத்தவர் டெரிக் பார்னெட். பிறகு எலியட் 46 யார்டிலிருந்து உதைத்தார்.

இடது டாக்கிளாக நின்றவர் பீட்டர்ஸுக்குப் பதிலாக வந்த வைட்டாய். கிளெமென்டை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. உதைத்தவரும் எறிந்தவரும் மாற்று ஆட்கள். வேறொருவர் இடத்தில் நின்றவர்கள் இத்தனை பேர் சேர்ந்து வென்ற பட்டம் இது.

2018 பிப்ரவரி 9

நேற்று பிராட் வீதியில் ஊர்வலம். என் அருகில் நின்ற முதியவர் சட்டம் போட்ட தன் தந்தையின் படத்தைப் பனிக்கோட்டின் உள்ளிருந்து எடுத்து, பேருந்துகள் கடக்கும்போதெல்லாம் உயர்த்திப் பிடித்தார். கையுறையைக் கழற்றியிருந்ததால் விரல்கள் சிவந்துபோயிருந்தன. 1981-இலும் 2005-இலும் சூப்பர் பவுலில் தோற்ற இரு அணிகளையும் அவர் தந்தையோடு பார்த்தாராம்.

இதெல்லாம் அதிர்ஷ்டம், ஜோன்ஸ் வழுக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பந்து ஒரு விரல் தள்ளிப் போயிருந்தால் தோற்றிருப்பார்கள், மறுக்கவில்லை. ஒரே தோல்வியில் வெளியேறும் பிளேஆஃபில் அதிர்ஷ்டம் இல்லாமல் யாரும் பட்டம் வாங்கியதில்லை. ஆனால் அதிர்ஷ்டம் வந்து நிற்கும் இடம்வரை அணியைக் கொண்டுபோனது ஆட்களின் ஆழமும் பயிற்சியாளரின் துணிவும். 6-0 என்று தோற்ற பின் ஐந்தாம் வாரத்தில் அதே ஃபோல்ஸ் 373 யார்டு எறிந்து ஆட்டநாயகன் ஆனதை அதிர்ஷ்டம் விளக்காது.

2018 பிப்ரவரி 14

காற்று அதற்குள் திசை மாறத் தொடங்கிவிட்டது. ஃபிராங்க் ரைக் இண்டியானாபொலிஸின் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட்டார். டிராஃப்டில் ஈகிள்ஸுக்கு ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இடம். அடுத்த அட்டவணையில் கரோலினா, சிகாகோ இருந்த அந்த இரண்டு இடங்களிலும் இப்போது மினசோட்டாவும் ராம்ஸும். கான்சஸ் சிட்டி அலெக்ஸ் ஸ்மித்தை வாஷிங்டனுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டு, ஒரே ஓர் ஆட்டம் தொடங்கிய பேட்ரிக் மஹோம்ஸை நம்பி இறங்குகிறது. கிளீவ்லாண்டின் கையில் முதல் தேர்வும், வாட்சனின் முழங்கால் போனபின் 4-12 என்று சரிந்த ஹூஸ்டனின் நான்காம் தேர்வும் இருக்கின்றன. இந்த முறையும் குவார்ட்டர்பேக்கை எடுக்காமல் விற்றால் அவர்களுக்காகப் பரிந்து பேச என்னிடம் எதுவும் இராது.

ஃபோல்ஸின் மதிப்பு உச்சத்தில் இருக்கும் இப்போதே அவரை விற்றுவிட வேண்டும் என்ற கருத்து நேற்றிலிருந்து பலமாக வைக்கப்படுகிறது. கிளீவ்லாண்ட் நல்ல விலை தரக்கூடும் என்பதும் உண்மை. நான் அதை எதிர்க்கிறேன். வென்ட்ஸுக்கு முழங்கால் அறுவை நடந்தது டிசம்பர் நடுவில். செப்டம்பர் முதல் ஆட்டத்துக்கு அவர் தயாராக இருப்பார் என்று எந்த மருத்துவரும் உறுதி தர முடியாது. ஃபோல்ஸின் ஒப்பந்தத்தில் இன்னும் ஓராண்டு இருக்கிறது. கிடைக்கும் தேர்வு முதல் சுற்றாக இருந்தாலும் சரி, அவரை விற்கக் கூடாது.